இருபத்தைந்து டாலரும் ஒரு கடிதமும்

வீட்டை விட்டு வெகுதூரம் போன மகன் தாயாருக்கு எழுதும் கடிதத்தில் எவ்வளவு உண்மை இருக்கும்? 'நான் சௌக்கியம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்' என்று எழுதுகிறான். உண்மையாகவே சௌக்கியமாக இருக்கலாம். ஜுரத்தில் படுத்துக்கொண்டே எழுதியதாகவும் இருக்கலாம். படிக்கிற தாயாருக்கும் இது தெரியும். ஆனாலும் அவள் அந்தக் காகிதத்தை மடித்துப் பத்திரப்படுத்துகிறாள். ராஜாக்களின் சாசனங்களிலும் மந்திரிகளின் நினைவுக் குறிப்புகளிலும் பொய் எது, மெய் எது என்று பிரித்தெடுக்கச் சரித்திர ஆசிரியர்கள் பழகியிருக்கிறார்கள். தாயார் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக ஒரு பையன் எழுதிய வரியைப் பிரித்துப் பார்ப்பது அவர்களுக்கும் சுலபமான காரியம் அல்ல.

1933 முதல் 1942 வரையில் ஒன்பது வருஷ காலம் அமெரிக்காவின் காடுகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் இத்தகைய கடிதங்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. எழுதியவர்கள் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். மரம் நடவும், பாதை வெட்டவும், காட்டுத் தீயை அணைக்கவும் சர்க்கார் நடத்திய வேலை முகாம்களில் சேர்ந்தவர்கள். அவர்கள் எழுதியவற்றில் ஒரு சிறு பகுதி இப்போது ஆவணக் காப்பகங்களிலும் ஊர்ப் பொருட்காட்சிச் சாலைகளிலும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே பையன் எழுதியவை போலவே தோன்றும். சாப்பாடு, உடம்பின் எடை, குளிர், பக்கத்துக் கட்டில் சிநேகிதன், ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் ஒரு கேள்வி, 'பணம் வந்ததா?' அவ்வளவுதான். இலக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி எதற்காக எல்லாக் கடிதங்களிலும் வருகிறது என்று ஆராயத் தொடங்கினால், ஒரு தேசத்தின் துயரம் முழுவதும் அதில் அடங்கியிருப்பது தெரியவரும்.

1929-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பொருளாதார மந்தத்தில் ஆலைகள் மூடப்பட்டன. பாங்குகள் ஆயிரக்கணக்கில் கதவைச் சாத்தின. விளைந்த தானியத்துக்கு விலை இல்லை. 1933-ல் உழைக்கத் தகுந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வாலிபர்களின் நிலைமை இன்னும் மோசம். குடும்பஸ்தனுக்கே வேலை கிடைக்காத ஊரில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பையனை யார் கூப்பிடுவார்கள்? தம்பி தங்கைகளின் ரொட்டியில் தான் பங்கு கேட்கக் கூடாது என்று, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பிய பையன்கள் எத்தனையோ பேர். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருந்தது?

1933 மார்ச் 4-ந் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதே மாதம் 21-ந் தேதி, வேலையில்லாத வாலிபர்களைக் காடுகளின் பாதுகாப்பில் ஈடுபடுத்தும் திட்டத்தைக் காங்கிரஸ் சபைக்கு அனுப்பினார். 31-ந் தேதி அது சட்டமாகிவிட்டது. ஏப்ரல் 17-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தில் லூரே என்ற ஊருக்கு அருகில் உள்ள காட்டில் முதல் முகாம் ஏற்பட்டது. ஜூலை மாதத் தொடக்கத்துக்குள் இரண்டரை லட்சம் பேரைச் சேர்ப்பதாக ரூஸ்வெல்ட் சொன்னார்; சொன்னபடி சேர்த்தும் காட்டினார். சிவிலியன் கன்ஸர்வேஷன் கோர் என்பது இந்த ஸ்தாபனத்தின் பெயர். ஜனங்கள் சுருக்கமாக ஸி. ஸி. ஸி. என்றார்கள்.

ஏற்பாடு விநோதமானது. ஆட்களைப் பொறுக்குவது தொழில் இலாகா. உணவும் உடையும் கொடுத்து முகாமை நடத்துவது ராணுவம். பகல் வேலையைத் திட்டமிட்டு மேற்பார்ப்பது விவசாய இலாகாவும் உள்நாட்டு இலாகாவும். பட்டாளத்தின் கையில் பையன்களை ஒப்படைக்கிறார்களே என்று தொழிற்சங்கத் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள். நாளுக்கு ஒரு டாலர் கூலி என்றால் நாட்டில் மற்றவர்களுடைய கூலியும் விழுந்துவிடாதா என்றும் கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகவே ராபர்ட் பெக்னர் என்பவரை ரூஸ்வெல்ட் தலைமை அதிகாரியாக நியமித்தார். இயந்திரத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, அந்தத் தொழிலாளர் சங்கத்தின் உபதலைவராக உயர்ந்தவர் அவர். முகாம்களில் ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள். காலையில் கொடியேற்றமும் வரிசையில் நிற்பதும் உண்டு. ஆனால் துப்பாக்கிப் பயிற்சி கிடையாது.

நாம் கவனிக்க வேண்டியது சம்பள ஏற்பாட்டைத்தான். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரைப் பையன் கண்ணால் கூடப் பார்க்கமாட்டான். அது நேராக அவன் வீட்டுக்குச் செக்காகப் போய்விடும். அவன் கையில் வருவது ஐந்தே டாலர். சேர்வதற்கு முதல் நிபந்தனையும் இதைச் சார்ந்ததுதான். கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் விதித்த வயது 18 முதல் 25 வரை. குடும்பம் சர்க்கார் நிவாரணத்தில் இருக்கும் குடும்பமாக இருக்க வேண்டும். சம்பளத்தின் பெரும் பகுதியை வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்க வேண்டும். ஆகவே முகாமில் சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் பின்னால், கதவில் எப்போது தபால்காரன் தட்டுவான் என்று காத்திருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. வயது போதாதவர்கள் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்ததும் இதனால்தான்.

இந்த 25 டாலர் குடும்பத்துக்குள் செய்த காரியத்தைச் சர்க்கார் அறிக்கைகள் விவரிக்கவில்லை. அது அவற்றின் வேலையும் அல்ல. ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தகப்பனார் இருபது வருஷம் ஆலையில் வேலை பார்த்தவர். மூன்று வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காலையில் எழுந்து, பழக்கத்தினால் முகச் சவரம் செய்துகொண்டு, வெளியே போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வருகிறார். நேற்று வரையில் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையன் இன்று எங்கோ ஒரு மலையில் இருந்துகொண்டு குடும்பத்துக்குச் சோறு போடுகிறான். மகன் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது வயதான காலத்தில் பெருமை. நாற்பத்தைந்து வயதில், கை கால் திடமாக இருக்கும்போது, அது வேறு விஷயம். இதைப் பையனும் உணர்ந்திருப்பான். அதனால்தான் 'பணம் வந்ததா?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறான். நான் அனுப்பிய பணம் என்று அழுத்திச் சொல்வதில்லை. என்ன வாங்கினீர்கள் என்று கணக்குக் கேட்பதும் அபூர்வம். நம் பக்கத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் மணியார்டர் கூப்பனில் எழுதும் இரண்டு வரிக்கும் இதே லட்சணம் உண்டு. பணத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுத முடியுமோ அவ்வளவு குறைவாக எழுதுவார்கள்.

அவர்கள் விரிவாக எழுதியது சாப்பாட்டைப் பற்றி. காலையில் முட்டை, பன்றி இறைச்சி, ரொட்டி, காப்பி. மாலையில் வயிறு நிறைய இறைச்சியும் உருளைக் கிழங்கும். இதைக் கவிதை போல வர்ணிப்பார்கள். அடுத்தபடியாக, உடம்பு எத்தனை ராத்தல் கூடியது என்ற கணக்கு. இது வெறும் பெருமை அல்ல. முகாமுக்கு வந்தவர்களில் பலர் எலும்பும் தோலுமாக வந்தவர்கள். முதலில் ஒரு ராணுவத் தளத்தில் சில நாள் வைத்து, அம்மை ஊசியும் டைபாய்டு ஊசியும் போட்டு, சாப்பாடு கொடுத்து உடம்பைத் தேற்றியே வேலைக்கு அனுப்பினார்கள். முதல் சில மாதங்களுக்குள் பத்துப் பன்னிரண்டு ராத்தல் எடை கூடுவது சாதாரணம்.

கதை எழுதுகிறவன் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. வயிறு நிறையாத வீட்டுக்கு, தான் வயிறு நிறையச் சாப்பிட்டதாகப் பையன் எழுதுகிறான். கொஞ்சம் கூட இங்கிதம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் தாயாருக்கு அதைவிட நல்ல செய்தி எது? அவளுடைய மேஜையில் ஒரு தட்டு குறைந்திருக்கிறது. அந்தத் தட்டுக்குரியவன் வேறிடத்தில் நன்றாகச் சாப்பிடுகிறான். அதற்கு மேல் 25 டாலரும் வருகிறது. 'நான் உங்களுக்குப் பாரமாக இல்லை' என்று எழுதப் பையனுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் 'பன்னிரண்டு ராத்தல் கூடிவிட்டேன்' என்று எழுதுகிறான். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

மற்ற விஷயங்கள் வேடிக்கையாக வரும். உடைகள் முதல் உலக யுத்தத்தில் மிஞ்சிய ராணுவச் சரக்கு. ஒருவனுக்குத் தொளதொள என்று தொங்கும், மற்றொருவனுக்குப் பித்தான் போடமுடியாது. முகாம் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 பேர். ஆரம்பத்தில் கூடாரங்கள், பிறகு மரப்பலகையால் ஆன நீண்ட கொட்டகைகள். புதிதாக வந்தவனைக் கொடிக்கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அனுப்பிவிட்டுப் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். பகலில் எட்டு மணி நேர வேலை. வாரத்தில் ஐந்து நாள். மண் அரிப்பைத் தடுக்கச் சிற்றணை கட்டுவது, கன்று நடுவது, மலைப் பாதை போடுவது, தீக் காவல் கோபுரம் எழுப்புவது என்று வேலைக்குக் குறைவில்லை. நியூயார்க்கிலும் பென்ஸில்வேனியாவிலும் மாடிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களை ரயிலேற்றி இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் மேற்கு மலைகளில் கொண்டு இறக்கினார்கள். அவர்கள் மலையையே முதல் தடவையாகப் பார்த்தார்கள். அந்த ஆச்சரியமும் கடிதங்களில் இருக்கிறது. அதில் பொய் இல்லை.

எழுதாமல் விட்டவை என்ன? முதல் சில வாரங்களின் இரவுகளை யாரும் எழுதவில்லை. வீட்டு ஏக்கம் தாங்காமல் முகாமை விட்டு ஓடிப் போனவர்கள் ஏராளம். சொல்லாமல் ஓடினால் கௌரவமற்ற முறையில் பெயரை நீக்குவார்கள். வீட்டுக்குப் போகும் செக்கும் நின்றுவிடும். ஓடலாமா, இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தவன், தான் ஓடினால் அடுத்த மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து யோசித்திருப்பான். காலையில் எழுந்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அந்த வாரக் கடிதத்தில் எழுதியது, 'இங்கே எல்லாம் பழகிவிட்டது' என்பதுதான். கடிதம் ஒன்றுக்குத் தபால் தலை மூன்று சென்ட். கார்டு ஒரு சென்ட். கையில் கிடைக்கும் ஐந்து டாலரில் சிகரெட்டும் சினிமாவும் போக, தபாலுக்குக் காசு இல்லாமல் போகாது. குறைவாக எழுதினார்கள் என்றால் அதற்குக் காசு காரணம் அல்ல.

எழுதவே தெரியாதவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் கூடவா என்று கேட்கலாம். தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்தும், மலைப் பிரதேசத்துச் சுரங்க ஊர்களிலிருந்தும் வந்தவர்களில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள் பலர். அவர்கள் பக்கத்துக் கட்டில்காரனிடம் போய்ச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 1933-ன் இறுதியில் முகாம்களில் இரவு வகுப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. வேலை முடிந்து கை கால் கழுவிய பிறகு விருப்பமுள்ளவர்கள் வந்து படிக்கலாம். அந்த வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் மட்டும் 40,000 பேருக்கு மேல். மரங்களின் எண்ணிக்கையை எல்லோரும் சொல்லுகிறார்கள். எனக்கென்னவோ இந்தக் கணக்குத்தான் மனத்தில் நிற்கிறது. அத்தனை வீடுகளில் ஒரு நாள், வேறொருவன் கையெழுத்தில் வந்துகொண்டிருந்த கடிதம் கோணல் மாணலாக மகன் கையெழுத்திலேயே வந்திருக்கும் அல்லவா?

இந்தப் பணமும் கடிதமும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதை அறிய, வடக்கு எல்லைக்கு அப்பால் கனடாவைப் பார்க்க வேண்டும். அங்கேயும் அதே மந்தம். அதே வேலையில்லாத வாலிபர்கள். 1932 அக்டோபரிலேயே கனடா சர்க்கார் நிவாரண முகாம்களைத் திறந்துவிட்டது. நடத்தியது தேசப் பாதுகாப்பு இலாகா. உணவு உண்டு, உடை உண்டு, படுக்கை உண்டு, காட்டில் வேலையும் உண்டு. கூலி மட்டும் நாளுக்கு 20 சென்ட்! வீட்டுக்கு அனுப்ப அதில் என்ன மிஞ்சும்? முகாம்களில் பட்டினி கிடையாது. ஆனால் தான் யாருக்கும் பிரயோஜனமில்லாதவன், கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும் என்று காட்டில் கொண்டு தள்ளப்பட்டவன் என்ற எண்ணம் அந்த வாலிபர்களின் மனத்தைத் தின்றது. 'பணம் வந்ததா?' என்று கேட்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை.

1935 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா முகாம்களிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வேலையை விட்டு வான்கூவர் நகருக்கு வந்துவிட்டார்கள். வேலைக்குத் தகுந்த கூலி கேட்டார்கள். மே மாதத்தில் அன்னையர் தினத்தன்று, நகரத்துப் பெண்கள் ஸ்டான்லி பூங்காவில் இருதய வடிவமாக அவர்களைச் சுற்றி நின்று, இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று காட்டினார்கள். ஜூன் மாதம் வாலிபர்கள் சரக்கு ரயில்களின் மேல் ஏறி, பிரதம மந்திரி பென்னட்டை நேரில் கேட்கத் தலைநகரான ஒட்டாவாவை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் ரெஜைனா நகரத்தில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர்கள் மட்டும் ஒட்டாவாவுக்குப் போனார்கள். பென்னட்டோடு நடந்த பேச்சு வாக்குவாதமாக முடிந்தது. ஜூலை 1-ந் தேதி, கனடாவின் தேசியத் திருநாளன்று, ரெஜைனாவில் போலீஸாருக்கும் அவர்களுக்கும் பெரிய கைகலப்பு நடந்தது. அவ்வருஷம் அக்டோபர் தேர்தலில் பென்னட் தோற்றார். 1936-ல் அந்த முகாம்கள் மூடப்பட்டன.

இரண்டு தேசங்களிலும் வாலிபர்கள் ஒரே மாதிரி வேலைதான் செய்தார்கள். இரண்டு இடத்திலும் ராணுவம்தான் மேலதிகாரி. அமெரிக்க முகாம்களில் குறையும் சண்டையும் சில இடங்களில் வேலைநிறுத்தமும் இல்லாமல் இல்லை. ஆனால் தேசத்தைக் குலுக்கும்படியான கிளர்ச்சி எழவில்லை. வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் வீட்டுக்குப் போன 25 டாலர் முக்கியமானது என்றே நான் நினைக்கிறேன். ஒரு வாலிபனுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது. அவன் நாலு பேருக்குச் சோறு போடுகிறான் என்று அவனையே நம்ப வைக்க வேண்டும். அப்போது அவன் எவ்வளவு கஷ்டத்தையும் 'பழகிவிட்டது' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவான்.

ஆனால் அடக்கக் கூடாத கஷ்டமும் அந்த முகாம்களில் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பூர்த்தியாகாது. இனம், நிறம், மதம் காரணமாக எவ்வித வேற்றுமையும் பாராட்டக் கூடாது என்ற வாசகம் 1933-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சேர்த்தவர் அப்போது காங்கிரஸ் சபையில் இருந்த ஒரே கறுப்பினத்தவரான ஆஸ்கர் டி பிரீஸ்ட். சட்டத்தில் இருந்தது, நடப்பில் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஆரம்பத்தில் கறுப்பு வாலிபர்களைச் சேர்க்கவே மறுத்தார்கள். வாஷிங்டனிலிருந்து கண்டிப்பு வந்த பிறகே கதவு சிறிது திறந்தது. 1935-ல் பெக்னர் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் முகாம்களைத் தனித்தனியாகப் பிரிக்கும்படி உத்தரவிட்டார். பிரித்து வைப்பது வேற்றுமை பாராட்டுவது ஆகாது என்று சமாதானமும் சொன்னார். தொழிலாளியாக இருந்து வந்தவர். தொழிலாளியின் கஷ்டம் அறிந்தவர். இந்த ஒரு கஷ்டம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

வீட்டுக் கடிதத்தில் எழுத முடியாததை ஒருவர் பத்திரிகையில் எழுதினார். நியூயார்க்கிலிருந்து சேர்ந்த லூதர் வாண்டல் என்ற கறுப்பினத்தவர், 1935 ஆகஸ்டில் 'கிரைஸிஸ்' பத்திரிகையில் தம் அனுபவத்தை வெளியிட்டார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் நடத்திய பத்திரிகை அது. நியூ ஜெர்ஸியில் உள்ள டிக்ஸ் ராணுவத் தளத்துக்குப் போனதும் கறுப்பர்களைத் தனியே பிரித்து நிறுத்தியதையும், அதிகாரிகளின் நடத்தையையும் அவர் ஒளிக்காமல் சொல்லுகிறார். வியப்பு என்னவென்றால், முடிவில் அவர் முகாமைச் சபிக்கவில்லை. மொத்தத்தில் ஏமாற்றத்தைவிடத் திருப்தியே அதிகம் என்ற கருத்தில் முடிக்கிறார். இதைப் படித்துவிட்டு, அவமானம் பெரிதில்லை போலும் என்று முடிவு கட்டுவது தவறு. எவ்வளவு குறைவாக எதிர்பார்த்துப் போனார் என்பதைத்தான் அந்த முடிவு காட்டுகிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பு வாலிபர்கள் அந்த முகாம்களில் உழைத்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் அதே 25 டாலர் போயிற்று. 'நான் சௌக்கியம்' என்று அவர்கள் எழுதிய வரியில் மற்றவர்கள் மறைத்ததைவிட அதிகமாக மறைந்திருக்கிறது.

காட்டுத் தீயைப் பற்றியும் பையன்கள் கடிதத்தில் எழுதுவார்கள். அதுவும் சாகசக் கதை போலத்தான் இருக்கும். இரண்டு நாள் தூங்கவில்லை, முகமெல்லாம் கரி, நாங்கள் அணைத்துவிட்டோம் என்பது போல. 1937 ஆகஸ்ட் 21-ந் தேதி, வயோமிங் மாநிலத்தில் யெல்லோஸ்டோனுக்குக் கிழக்கே ஷோஷோனி வனத்தில் பிளாக்வாட்டர் ஓடைப் பக்கம் தீ அணைத்துக்கொண்டிருந்தார்கள். மின்னல் விழுந்து பற்றிய தீ. ஸி. ஸி. ஸி. ஆட்களில் பலர் டெக்ஸாஸிலிருந்து வந்தவர்கள். பிற்பகலில் காற்று திசை மாறி அடித்தது. தீ அவர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. வன அதிகாரி அர்பன் போஸ்ட் தம்முடன் இருந்தவர்களை மலை விளிம்பில் ஒரு பாறைத் திட்டுக்கு அழைத்துப் போய்த் தரையோடு தரையாகப் படுக்க வைத்தார், பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆல்பிரட் கிளேட்டன் என்ற மற்றொரு அதிகாரி கீழே ஒரு பள்ளத்தில் ஏழெட்டுப் பேருடன் இருந்தார். முடிந்தால் ஆட்களை அனுப்பும்படி போஸ்டுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தனுப்பினார். காகிதம் போய்ச் சேர்ந்தது. ஆட்கள் போகவில்லை, போகவும் முடியாது. அந்தத் தீயில் 15 பேர் மாண்டார்கள். 38 பேர் காயமடைந்தார்கள்.

அந்தத் துண்டுக் காகிதத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் இருக்கிறோம், என்ன தேவை என்பது மட்டுமே இருக்கிறது. வீட்டுக் கடிதங்களில் இல்லாத உண்மை அதில் இருந்தது, ஏனென்றால் அது வீட்டுக்கு எழுதியது அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கடிதங்களில் உள்ள 'கவலைப்பட வேண்டாம்' என்ற வார்த்தைக்கு எவ்வளவு விலை என்று தெரிகிறது. இறந்தவர்களின் நினைவாக 1939-ல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல் மண்டபம் எழுப்பப்பட்டது. கட்டியவர்களும் ஸி. ஸி. ஸி. பையன்களே. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் படை அமெரிக்காவில் அதே வருஷம் தொடங்கியதற்கு, இந்த விபத்தைப் பற்றிய விசாரணை ஒரு முக்கியமான காரணம்.

பெக்னர் 1939-ன் கடைசி நாளில் இறந்தார். அதற்குள் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை பெருகியது. வாலிபர்களுக்கு ராணுவமும் ஆலையும் போட்டி போட்டன. ஸி. ஸி. ஸி.யைத் தொடர வேண்டும் என்று ரூஸ்வெல்ட் விரும்பியும், காங்கிரஸ் சபை பணம் ஒதுக்க மறுத்தது. 1942 ஜூன் 30-ந் தேதியோடு அது முடிவடைந்தது. ஒன்பது வருஷத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் இருந்து போனார்கள். ஏறத்தாழ 300 கோடி மரங்கள் நட்டதாகக் கணக்கு. வீடுகளுக்குப் போன தொகை 65 கோடி டாலருக்கு மேல். இருபத்தைந்து இருபத்தைந்தாகப் போன தொகை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 30 லட்சம் பேரில் பெரும்பாலோர் அடுத்தபடியாகப் பட்டாளத்துக்குப் போனார்கள். வரிசையில் நிற்பது, கொட்டகையில் தூங்குவது, பத்து வரியில் வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. ஆனால் இப்போது எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரி ஒருவர் முதலில் படித்தார். எங்கே இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது. என்ன நடந்தது என்று சொல்லக் கூடாது. அவர்கள் அதிகம் சிரமப்பட்டிருக்கமாட்டார்கள். காட்டு முகாமில் இருந்தபோதே, யாரும் உத்தரவு போடாமல், தாங்களாகவே அந்தத் தணிக்கையைச் செய்து பழகியவர்கள் அல்லவா?

காலியான முகாம்களும் சும்மா கிடக்கவில்லை. சிலவற்றில், மனச்சாட்சி காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்தவர்களைத் தங்க வைத்தார்கள். சிலவற்றில் ஜெர்மன் யுத்தக் கைதிகள் இருந்தார்கள். அதே கொட்டகை, அதே நீண்ட வரிசைக் கட்டில்கள். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதிய பையனின் பாஷை மட்டும் வேறு. அவன் எழுதியிருக்கக்கூடிய முதல் வரியை அந்தப் பாஷை தெரியாமலே நம்மால் சொல்லிவிட முடியும்: நான் சௌக்கியம், என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.